மனேஜ்ட் டெடிகேற்றட் சேர்வர்: விபிஎஸ் போதாமல் போகுது, எதைப் பார்த்து எடுக்கிறது?

பனையோலைக்கடை:

வணக்கம். யாழ்ப்பாணத்திலயிருந்து ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், மோர்மிளகாய் எண்டு வெளிநாட்டுக்கு அனுப்புற ஒன்லைன் கடை ஒண்டு. வூகொமேர்சில (வேர்ட்பிரஸ்ஸின்ர கடைப் பிளகின்) ஓடுது. நிலைமையைச் சுருக்கமாப் போடுறன்.

இப்ப இருக்கிறது ஒரு விபிஎஸ் (ஒரு சேர்வரைப் பலர் பங்கு போடுற வாடகை): 4 விசிபியூ, 8 ஜிபி ராம், 160 ஜிபி டிஸ்க். ஓஎஸ் உபுன்ரு 22.04, வெப்சேர்வர் என்ஜின்எக்ஸ், பிஎச்பி 8.1, டேற்றாபேஸ் மரியாடிபி 10.6. டேற்றாபேஸ் 6 ஜிபி, படங்களோட சேர்த்து மொத்தம் 120 ஜிபி. நாளொண்டுக்கு 250 ஓடர் அளவில வரும், பொங்கலுக்கும் சித்திரை வருசத்துக்கும் முதல் கிழமையில 1,000 தாண்டும். வாங்குற சனத்தில அரைவாசிக்கு மேல கனடா, பிறகு லண்டன், மிச்சம் பிரான்ஸ், சுவிஸ், நோர்வே.

பிரச்சினை எங்கட நேரம் காலமை 5.30 இலயிருந்து 7.30 வரைக்கும். சைற் இழுபடும், பேந்து 'டேற்றாபேஸ் தொடர்பை ஏற்படுத்த முடியவில்லை' எண்டு வெள்ளைப் பக்கம் வரும். ரீபூட் பண்ணினால் சரி.

ஒரு கொம்பனி 'முழுமையாக மனேஜ்ட்' எண்டு ஒரு டெடிகேற்றட் சேர்வர் (முழு மெசினும் எங்களுக்கு மட்டும்) தாறம் எண்டுது: 8 கோர், 64 ஜிபி ராம், 960 ஜிபி என்விஎம்ஈ டிஸ்க் இரண்டு, 1 ஜிபிபிஎஸ் போர்ட், சிங்கப்பூர். மாதம் 219 டொலர், 12 மாத ஒப்பந்தம். எடுக்கலாமோ? எடுக்கிறதெண்டால் முதல் என்னென்ன கேக்க வேணும்?


கொக்குவில்_கேர்ணல்:

அண்ணை, வாங்க முதல் அளவுங்கோ. அந்த வெள்ளைப் பக்கம் வந்து ரீபூட்டில சரியாகிறதுக்கு அனேகமா இரண்டு காரணம்தான். ஒண்டு, ராம் முடிஞ்சு கேர்ணல் (ஓஎஸ்ஸின்ர மையம்) மரியாடிபியைக் கொல்லுறது. மற்றது, மரியாடிபியின்ர மக்ஸ் கொனெக்சன் (ஒரே நேரத்தில எத்தினை தொடர்பு எண்ட வரம்பு) நிரம்புறது. அதின்ர டிஃபோல்ட் 151 தான். முதலாவதெண்டால் கேர்ணல் லொக்கில 'அவுட் ஒஃப் மெமரி' எண்டு வரியும், கொல்லப்பட்ட புரோசசின்ர பேரும் கிடக்கும். இரண்டாவதெண்டால் 'ரூ மெனி கொனெக்சன்ஸ்' எண்டு எரர் கிடக்கும். எது எண்டு பாருங்கோ.

நான் முதலாவதெண்டுதான் நினைக்கிறன். கணக்கைப் பாருங்கோ. வூகொமேர்ஸில ஒரு பிஎச்பி வேர்க்கர் (பக்கத்தைச் செய்து குடுக்கிற புரோசஸ்) 100 இலயிருந்து 120 எம்பி வரைக்கும் தின்னும். வேர்க்கர்களை நடத்துற எஃப்பிஎம்மின்ர கொன்ஃபிக்கில மக்ஸ் சில்ட்ரன் (ஆகக்கூடின வேர்க்கர் எண்ணிக்கை) 60 எண்டு வையுங்கோவன், 60 தரம் 110 எம்பி, 6.6 ஜிபி. மரியாடிபிக்கு 2 ஜிபி பஃபர் பூல் (டேற்றாவை ராமில வைக்கிற இடம்) குடுத்திருந்தால் மேலதிகங்களோட 2.5 ஜிபி. ஓஎஸ், ரெடிஸ் (ராமில தற்காலிக டேற்றா வைக்கிறது), மற்றதுகளுக்கு 1 ஜிபி. கூட்டினால் 10 ஜிபி தாண்டுது, உங்களிட்ட இருக்கிறது 8. சாதாரண நேரத்தில 15 வேர்க்கர்தான் ஓடும், அதால ஒண்டும் தெரியாது. ரொரன்ரோ ஆக்கள் இராச் சாப்பாடு முடிச்சு போனைக் கையில எடுக்கிற நேரம் 60 உம் எழும்பும். கேர்ணல் ஆகப் பெரிய புரோசசைத் தேடும், அது மரியாடிபி. சேர்வருக்குள்ள அதுதான் முதல் பலி.

இண்டைக்கே செய்யக்கூடியது: மக்ஸ் சில்ட்ரனை 36 ஆக்குங்கோ. 8 இல 2.5, 1, கைகாவலா அரை ஜிபி கழிச்சால் 4 ஜிபி, அதை 110 எம்பியால பிரிச்சால் 36. வரிசையில நிண்டு சனம் ஒரு செக்கன்ட் கூடக் காத்திருக்கும், ஆனால் கடை விழாது.

அதோட இன்னும் இரண்டு அளவு. காலமை 6 மணிக்கு 'ரொப்' கட்டளையைப் போட்டு சிபியூ வரியில கடைசியா இருக்கிற 'எஸ்ரி' எண்ணைப் பாருங்கோ. அது பக்கத்து வீட்டுக்காரன் உங்கட சிபியூவை எடுத்துக்கொண்டு போற வீதம். 1, 2 பரவாயில்லை. தொடர்ந்து 5 க்கு மேல எண்டால் அந்த விபிஎஸ்ஸில என்ன ரியூன் பண்ணியும் பிரயோசனமில்லை. மற்றது மரியாடிபியின்ர ஸ்லோ குவெரி லொக், குறிச்ச நேரத்தைத் தாண்டுற குவெரிகளைப் பதியிறது. டிஃபோல்ட் 10 செக்கன்ட், அதுக்குள்ள ஒண்டும் விழாது. 1 செக்கன்டாக்கி மூண்டு நாள் விடுங்கோ. வேர்ட்பிரஸ்ஸின்ர ஒப்சன்ஸ் (செற்றிங்ஸ்) ரேபிளில ஓட்டோலோட் ஆகிற டேற்றா எவ்வளவெண்டும் கூட்டிப் பாருங்கோ. வேர்ட்பிரஸ் 6.6 இலயிருந்து 800 கேபி தாண்டினால் சைற் ஹெல்த்தில எச்சரிக்கை வரும். எடுத்துப் போட்ட பழைய பிளகின்கள் விட்டுட்டுப் போன குப்பைதான் அனேகமா அங்க கிடக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் அது முழுக்க ராமுக்குள்ள ஏறும்.

இதுகளைப் பாக்காமல் 64 ஜிபிக்குப் போனால் என்ன நடக்கும் தெரியுமோ? கொஞ்ச நாள் நல்லா ஓடும், பேந்து அதே வெள்ளைப் பக்கம், 219 டொலருக்கு.


வடலி:

மேலே சொன்ன அளவீடுகளைக் கட்டாயம் செய்யுங்கள். நான் 'மனேஜ்ட்' என்ற சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்தத் தொழிலில் ஆக அதிகம் ஏமாற்றும் சொல் அதுதான்.

அதற்குப் பொதுவான வரைவிலக்கணம் இல்லை. சிலருக்கு அது இரும்பு மட்டும்: மின்சாரம், கேபிள், பழுதான டிஸ்க்கை மாற்றுவது. சிலருக்கு ஓஎஸ் வரை: பாதுகாப்புத் திருத்தங்கள், ஃபயர்வோல், என்ஜின்எக்ஸ், மரியாடிபி நின்றால் எழுப்பிவிடுவது. வேர்ட்பிரஸ் வரைக்கும் கை வைப்பவர்கள் குறைவு, வைத்தாலும் மணித்தியாலக் கூலி தனி. 'முழுமையாக' என்ற அடைமொழி இந்த மூன்றுக்கும் முன்னால் வரும்.

ஆகவே 'என்னென்ன செய்வீர்கள்' என்று கேட்காதீர்கள். அதற்கு அழகான பட்டியல் வரும். ஒரு சம்பவத்தை எழுதி அனுப்புங்கள்: 'ஞாயிறு அதிகாலை மரியாடிபி ராம் பற்றாமல் கொல்லப்பட்டுவிட்டது. முதலில் கண்டுபிடிப்பது உங்கள் கண்காணிப்பா, எங்கள் முறைப்பாட்டு ரிக்கெற்றா? எழுப்பிவிடுவது யார், எத்தனை நிமிடத்தில்? ஏன் நடந்தது என்று தேடிச் சொல்வீர்களா, எழுப்பிவிட்டு ரிக்கெற்றை மூடுவீர்களா? அந்தத் தேடலுக்குத் தனிக் காசா?' பதிலின் உள்ளடக்கத்தைவிட எழுதியவரின் தரத்தைக் கவனியுங்கள். பஃபர் பூல், வேர்க்கர் எண்ணிக்கை என்று அவர் திரும்பக் கேள்வி கேட்டால் அங்கே வேலை தெரிந்தவர் இருக்கிறார். 'எமது நிபுணர் குழு 24 மணிநேரமும் தயாராக உள்ளது' என்று வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். இந்த மின்னஞ்சலை உங்கள் ஞாயிறு இரவிலேயே அனுப்புங்கள், பதில் வர எடுக்கும் நேரமும் தெரிந்துவிடும்.

கண்காணிப்பு என்றால் பலர் செய்வது பிங் (சேர்வர் பதில் சொல்கிறதா என்ற சோதனை) மட்டும். மரியாடிபி செத்துக் கிடக்கும்போதும் சேர்வர் பிங்குக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும், அவர்களுடைய பலகையில் பச்சை விளக்கு எரியும். ஒரு பொருள் பக்கத்தையும் செக்கவுட் பக்கத்தையும் நிமிடத்துக்கு ஒரு தடவை இறக்கி, அதற்குள் ஒரு குறிப்பிட்ட சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கங்கள் கேஷிலிருந்து (முன்பே செய்து வைத்த பிரதியிலிருந்து) வந்தால் டேற்றாபேஸ் இல்லாமலும் சொல் இருக்கும், கேஷைத் தாண்டும் முகவரியைக் கொடுங்கள்.

ரெஸ்பொன்ஸ் நேரம் 15 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். அது 'உங்கள் ரிக்கெற் கிடைத்தது' என்று எழுத எடுக்கும் நேரம். திருத்தி முடிக்கும் நேரத்துக்கு எவரும் உறுதி தருவதில்லை. பழுதான இரும்பை மாற்றும் நேரத்துக்கு மட்டும் தருவார்கள், அதை எழுத்தில் வாங்குங்கள். 99.9 வீத எஸ்எல்ஏ (சேவை உறுதி) என்றால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் விழலாம் என்று அர்த்தம். அதிலும் பல ஒப்பந்தங்களில் அந்த வீதம் நெற்வேர்க்குக்கு மட்டும், 'திட்டமிட்ட பராமரிப்பு' கணக்கில் வராது. நட்டஈடு விழுந்த நேரத்துக்கான வாடகை மட்டும் என்றால், 219 டொலரை 720 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 30 சதம். பொங்கலுக்கு முதல்நாள் ஐந்து மணித்தியாலம் படுத்தால் ஒன்றரை டொலர் திரும்ப வரும்.

அந்தத் 'திட்டமிட்ட பராமரிப்பு' எத்தனை மணிக்கு என்று கேட்டீர்களா? பிரான்ஸ், ஜேர்மனி போன்ற இடத்து டேற்றா சென்ரர் ஒன்றுக்கு இரவு 2 மணி அமைதியான நேரம். அது ரொரன்ரோவில் முதல்நாள் இரவு 8 மணி, கோடையிலும் குளிரிலும் அப்படித்தான். உங்கள் கடையின் உச்ச வியாபாரம். கேர்ணல் திருத்தத்துக்கு ரீபூட் செய்யும் நேரத்தை நீங்கள் குறிக்க முடியுமா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

மிச்சம் சுருக்கமாக. ரூட் (முழு நிர்வாக) அனுமதி தருவார்களா, தந்தால் சப்போர்ட் குறையுமா என்று கேளுங்கள். ஐபிஎம்ஐ (சேர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் வாயில்) பொது இன்ரநெற்றில் திறந்து கிடக்கக்கூடாது, விபிஎன் வழியாக மட்டும். ஒரே ஒரு சைற்றுக்கு சிபனல் (நிர்வாகப் பலகை) லைசன்ஸ் வீண் செலவு. டிடொஸ் (பொய்ப் போக்குவரத்தால் மூழ்கடிக்கும் தாக்குதல்) வந்தால் சுத்திகரிப்பார்களா, அல்லது உங்கள் ஐபி முகவரியையே துண்டித்துவிடுவார்களா, எந்த அளவுக்கு மேல்? டொமைனும் டிஎன்எஸ்ஸும் (பெயரை ஐபிக்குக் காட்டும் பதிவு) ஹோஸ்ரிங் கொடுப்பவரிடம் வேண்டாம். பிரிந்து போகிற நாளில் ஐபி உங்களோடு வராது, டிஎன்எஸ் கையில் இருந்தால் போதும். கார்ட் கொடுப்பனவு ஒரு மாதம் தவறினால் எத்தனை நாளில் நிறுத்துவார்கள், எத்தனை நாளில் டிஸ்க்கை அழிப்பார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. அன்று 219 டொலர் பில் 44,000 ரூபாவிலிருந்து 79,000 ஆகியிருக்கும். ரூபாவில் வருமானம் உள்ளவர் 12 மாத ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். உங்களுக்கு வருமானமே வெளிநாட்டுக் காசு என்பதால் அவ்வளவு பயமில்லை, என்றாலும் முதல் மூன்று மாதம் மாதாந்தமாக எடுங்கள்.


ரொரன்ரோ_குளிர்:

சிங்கப்பூர் எதுக்கு? ஃபைபரில வெளிச்சம் 100 கிலோமீற்றருக்குப் போய்த்திரும்ப 1 மில்லிசெக்கன்ட் எடுக்கும். ரொரன்ரோவிலயிருந்து சிங்கப்பூருக்கு 200 க்கு மேல. புதுசா ஒரு ஆள் கடைக்கு வந்தால் ரிசிபி இணைப்புக்கு ஒருக்கால், ரிஎல்எஸ் 1.3 மறையாக்கத்துக்கு ஒருக்கால், பக்கத்துக்கு ஒருக்கால், மூண்டு தரம் போய்த்திரும்ப வேணும். அதாவது சேர்வர் ஒண்டும் செய்யாமலே 600 மில்லிசெக்கன்ட் போச்சுது. லண்டனில வைச்சால் ரொரன்ரோவுக்கு சுமார் 90, மூண்டு தரத்துக்கு 270. ஐரோப்பாவுக்குப் பக்கத்து வீடு. உங்கட ஒஃபிசிலயிருந்து ஓடர் பாக்கிற பிள்ளையளுக்கு சிங்கப்பூரை விடக் கொஞ்சம் இழுக்கும், அவை சம்பளத்துக்கு இருக்கினம், பொறுப்பினம். வாங்க வந்த சனம் பொறுக்காது.

கனடாதான் கூட எண்டால் மொன்றியல் இன்னும் திறம். படங்களை சிடிஎன்னில (ஆக்களுக்குக் கிட்டப் பிரதி வைக்கிற சேவை) போட்டுவிடுங்கோ, ஆனால் கார்ட்டும் செக்கவுட்டும் கேஷ் பண்ணேலாது, அது சேர்வருக்கே வரும். ரெஸ்ற் ஐபி கேட்டு வாங்கி, இஞ்ச இருக்கிற சொந்தக்காரர் ஆரிட்டயும் சொல்லி இராவு 9 மணிக்கு எம்ரிஆர் (பாதையில எங்க இழுபடுதெண்டு காட்டுற கருவி) 200 பக்கெற் அடிச்சுப் பாருங்கோ. பகல் 11 மணிக்கு அடிச்சுப் பாத்துப் பிரயோசனமில்லை.


பனையோலைக்கடை:

மெத்தப் பெரிய உபகாரம். பாத்தன். கேர்ணல் லொக்கில போன மாதம் மட்டும் ஒன்பது தரம் மரியாடிபி கொல்லப்பட்டிருக்கு, எல்லாம் காலமை 5.50 க்கும் 7 மணிக்கும் இடையில. மக்ஸ் சில்ட்ரன் 75 எண்டு கிடந்தது! 36 ஆக்கியாச்சு, அதுக்குப் பிறகு விழேல்லை. ஆனால் அந்த நேரம் 'எஸ்ரி' 9 இலயிருந்து 14 வரைக்கும் நிக்குது, செக்கவுட் 5 செக்கன்ட் எடுக்குது. அப்ப விபிஎஸ் மாத்தத்தானே வேணும்? டெடிகேற்றட்டோ, பெரிய விபிஎஸ்ஸோ?


கொக்குவில்_கேர்ணல்:

14 எண்டால் மாத்துங்கோ. ஆனால் டெடிகேற்றட்டுக்கு ஓட வேண்டாம். சிபியூ கோர்களை உங்களுக்கெண்டே ஒதுக்கித் தாற விபிஎஸ் இருக்கு, 8 விசிபியூ, 32 ஜிபி. அதில களவு போறதுக்கு வழியில்லை. ராம் கணக்கு: மரியாடிபிக்கு 8 ஜிபி பஃபர் பூல், 6 ஜிபி டேற்றாபேஸ் முழுக்க உள்ள போய் இருந்திடும். 60 வேர்க்கருக்கு 6.6, ரெடிசுக்கு 1, ஓஎஸ்ஸுக்கு 2. 18 ஜிபியில கதை முடிஞ்சுது, மிச்சம் ஃபைல் கேஷ். 64 ஜிபிக்கு உங்களிட்ட வேலை இல்லை. கீழ இருக்கிற இரும்பு செத்தாலும் அவை வேற இரும்பில எழுப்பி விடுவினம்.


இரும்புப்பெட்டி:

கொக்குவில்_கேர்ணலோட பாதிக்கு ஒத்துப் போறன். வூகொமேர்ஸில ஒரு செக்கவுட் ஒரு கோரிலதான் ஓடும், அதைப் பத்துக் கோருக்குப் பிரிச்சுக் குடுக்கேலாது. அதால கோர் எண்ணிக்கையை விட ஒரு கோரின்ர வேகம் முக்கியம். ஒதுக்கின விபிஎஸ் எண்டாலும் கீழ இருக்கிறது கோர் கூடின, கிளொக் குறைஞ்ச சிப்தான் அனேகமா. செக்கவுட் 5 செக்கன்ட் எடுக்கிறதில ஸ்ரீல் (அந்த 'எஸ்ரி') எவ்வளவு, வேகம் எவ்வளவெண்டு மாத்தினாப் பிறகுதான் தெரியும். நல்ல டெடிகேற்றட் இதில வெல்லும். 'நல்ல' எண்ட சொல்லை வடிவாய்ப் பாருங்கோ.

'8 கோர்' எண்டால் என்ன சிப்? மொடல் நம்பர் இல்லாமல் காசு குடுக்கப்படாது. சியோன் ஈ5-2620 வி4 உம் 8 கோர்தான், 2016 ஆம் ஆண்டுச் சாமான், அடிப்படை 2.1, உச்சம் 3 கிகாஹேர்ட்ஸ். சியோன் ஈ-2388ஜி உம் 8 கோர், 2021 சாமான், உச்சம் 5.1. விளம்பரத்தில இரண்டும் ஒரே வரி. பழசைப் புது விலைக்குத் தள்ளுறதுக்கு இதைவிட வசதியான வரி கிடையாது.

டிஸ்க்: 960 இரண்டு எண்டால் ரெய்ட் 1 (இரண்டிலயும் ஒரே டேற்றா) போட்டு 960 தான் பாவிக்கலாம், 120 ஜிபிக்கு அது தாராளம். டேற்றா சென்ரர் தரமோ, கடையில விக்கிற சாதாரண எஸ்எஸ்டியோ எண்டு கேளுங்கோ. கரண்ட் போனால் எழுதி முடிக்கிற கப்பாசிற்றர் உள்ளதுதான் டேற்றாபேசுக்குச் சரி. சேர்வர் கைக்கு வந்த அண்டே ஸ்மார்ட் (டிஸ்க்கின்ர ஆரோக்கிய அறிக்கை) எடுத்து 'பேர்சன்ரேஜ் யூஸ்ட்' எவ்வளவு, எத்தினை மணித்தியாலம் ஓடினதெண்டு பாருங்கோ. பாவிச்ச டிஸ்க்கை ஆரும் பூட்டித் தருவினம், அது பிழையில்லை, 60 வீதம் தேய்ஞ்சதைத் தந்தால்தான் பிழை. உடன மாத்தக் கேளுங்கோ, டேற்றா ஏத்தினாப் பிறகு கேட்டால் உங்களுக்குத்தான் கரைச்சல்.

சொவ்ற்வெயார் ரெய்ட் எண்டால் இரண்டு இடத்தில சறுக்கும். ஒண்டு, ஒரு டிஸ்க் அரேயிலயிருந்து விழுந்து மாதக்கணக்கா ஆரும் காணாமல் கிடக்கிறது. எம்டிஅட்மின் (ரெய்ட்டை நடத்துற மென்பொருள்) அனுப்புற எச்சரிக்கை மெயில் சேர்வருக்குள்ளயே ரூட்டின்ர பெட்டியில போய்க் குவியும், அதைத் திறக்க ஒருதரும் இல்லை. மற்றது ஈஎஃப்ஐ பாட்டிசன், சேர்வர் எழும்பத் தேவையான பகுதி. ரெய்ட்டுக்குள்ள வராமல் முதல் டிஸ்க்கில மட்டும் கிடக்கிறது வழமை. அந்த டிஸ்க் செத்தால் டேற்றா முழுக்க இரண்டாவதில பத்திரமா இருக்கும், சேர்வர் மட்டும் பூட் ஆகாது. வேலை தொடங்க முதல், ஒரு டேற்றாவும் ஏத்தாத நேரத்தில, முதல் டிஸ்க்கைக் கழட்டி பூட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கோ. மனேஜ்ட் எண்டு காசு வாங்குறவை அதைச் செய்யத்தான் வேணும். எம்.2 டிஸ்க் எண்டால் மாத்துறதுக்கு சேர்வரை நிப்பாட்ட வேணும், யூ.2 எண்டால் ஓட ஓட மாத்தலாம்.

டெடிகேற்றட்டின்ர உண்மையான குறை கேர்ணல் சொன்னதுதான்: மதர்போர்ட் செத்தால் அது செத்ததுதான், ஆள் வந்து மாத்துமட்டும் கடை பூட்டு. அதால பக்கத்தில ஒரு சின்ன விபிஎஸ், வேற கொம்பனியில, 4 விசிபியூ 8 ஜிபி. மரியாடிபி ரெப்ளிகேசன் (உடனுக்குடன் பிரதி) அங்க ஓடட்டும், படங்களை மணிக்கு ஒருக்கால் ஆர்சிங் (மாறினதை மட்டும் பிரதி எடுக்கிறது). பெரிசு விழுந்தால் டிஎன்எஸ்ஸைத் திருப்பி 15 நிமிசத்தில மெதுவா எண்டாலும் கடை திறக்கும். டெடிகேற்றட்டும் இதுவும் சேர்த்துக் காசு காணாதெண்டால் கேர்ணல் சொன்ன விபிஎஸ்ஸையே எடுங்கோ. தனி டெடிகேற்றட் ஒண்டை மட்டும் எடுத்து அதில எல்லாத்தையும் வைக்காதேங்கோ.


வடலி:

ரெப்ளிகேசனை பக்கப் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே தவறுதலாக ஒரு ரேபிளை அழித்தால் ஒரு செக்கன்டில் அங்கேயும் அழியும். ரெய்ட்டும் அப்படியே.

பக்கப் எந்தக் கட்டிடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். எந்த நகரம் என்பது போதாது. 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் கொம்பனியின் எஸ்பிஜி2 கட்டிடம் எரிந்தபோது, சேர்வரையும் பக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர் பலருக்கு இரண்டும் போயிற்று. வேறு கொம்பனி, வேறு நாடு, வேறு பாஸ்வேர்ட். சேர்வருக்குள் புகுந்தவன் பக்கப்பையும் அழிக்க முடியாதபடி, எழுத மட்டும் அனுமதி உள்ள கணக்கு. போர்க், ரெஸ்ரிக் என்ற பக்கப் மென்பொருள்களில் இதற்கு வழி உண்டு. மறையாக்கத் திறப்பைக் கடதாசியில் அச்சடித்து வீட்டு அலுமாரியில் வையுங்கள், அது சேர்வரில் மட்டும் இருந்தால் சேர்வரோடு போகும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதி வைத்திருந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 120 ஜிபியை டேற்றா சென்ரருக்குள் 400 எம்பிபிஎஸ்ஸில் மீட்டால் 40 நிமிடம். வீட்டு இணைப்பிலிருந்து 20 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்றினால் 13 மணித்தியாலத்துக்கு மேல், இடையில் கரண்ட் போகாவிட்டால். வீட்டுப் பிரதி கடைசித் தஞ்சத்துக்கு. அவசரத்துக்கு அது உதவாது.

டேற்றாபேசை எஸ்கியூஎல் டம்ப்பாக (கட்டளைகளாக எழுதிய பிரதி) மட்டும் எடுத்தால் மீட்கும்போது இன்டெக்ஸ் எல்லாம் திரும்பக் கட்டுப்பட வேண்டும். மரியாபக்கப் எடுப்பது ஃபைல்களாகவே, மீட்பது வேகம். இரண்டும் எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் விபிஎஸ் ஒன்றில் மீட்டு, நேற்றைய கடைசி ஓடர் இலக்கம் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். 'பக்கப் வெற்றி' என்று தினமும் வரும் மெயில் எதற்கும் சாட்சி இல்லை.


பனையோலைக்கடை:

விளங்குது. லண்டனில ஈ-2388ஜி, 32 ஜிபி, யூ.2 டிஸ்க் இரண்டு, ஓஎஸ் வரைக்கும் மனேஜ்ட், மாதாந்தம் எண்டு பாக்கிறன். ரிசேர்வுக்கு வேற கொம்பனியில சின்ன விபிஎஸ். இனி மாத்துறதுதான் பயமாக் கிடக்கு. பொருள் பேரெல்லாம் தமிழில, பழைய டேற்றாபேஸ் 2014 இலயிருந்து இழுபட்டு வந்தது.


நாற்சார்:

2014 எண்டால் முதல் தமிழைப் பாருங்கோ, மற்றதெல்லாம் பிறகு.

பழைய சைற்றில தமிழ் வடிவாத் தெரியும், புது சேர்வரில ஏத்தினவுடன கொம்பும் புள்ளியும் போட்ட லத்தீன் எழுத்துக் குவியலா வரும். ஏனெண்டால் பழைய காலத்துக் கொனெக்சன் லற்றின்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியாக்கம்) இல இருந்திருக்கும். எழுதேக்க ஒரு பிழை, வாசிக்கேக்க அதே பிழை, இரண்டும் ஒண்டையொண்டு சமன் செய்து சரியாத் தெரிஞ்சிருக்கும். புது சேர்வர் யூரிஎஃப்8எம்பி4 (எல்லா மொழிக்குமான குறியாக்கம்) இல சரியா வாசிக்கப் போய்ப் பிழை வெளியில வரும்.

மாத்த முதலே கண்டுபிடிக்கலாம். 'மிளகாய்' எண்ட பேருள்ள ஒரு வரியை எடுங்கோ. கணினிக்கு அது ம, இகரக் கொம்பு, ள, க, அரவு, ய, புள்ளி எண்டு 7 குறி. தமிழில ஒவ்வொரு குறிக்கும் 3 பைற், ஆக 21 பைற். கொனெக்சனை யூரிஎஃப்8எம்பி4 இல வைச்சு, அந்தச் சொல்லுக்கு எழுத்து எண்ணுற கார்_லெங்த் ஃபங்சனையும் பைற் எண்ணுற லெங்த் ஃபங்சனையும் ஓட்டுங்கோ. 7 உம் 21 உம் வந்தால் சுத்தம். 21 உம் 21 உம் எண்டால் கொலம் லற்றின்1, உள்ள இருக்கிறது தமிழ் பைற். 21 உம் 40 க்கு மேலயும் எண்டால் இரட்டைக் குறியாக்கம், குறியாக்கினதையே திரும்பக் குறியாக்கினது. இரண்டாவதுக்கு கொலத்தை முதல் பைனரியாக்கி, பேந்து யூரிஎஃப்8எம்பி4 ஆக்க வேணும். நேரடியா மாத்தினால் மூண்டாவது நிலைக்குப் போயிடும். ஒவ்வொரு ரேபிளையும் தனித்தனியாப் பாருங்கோ, 2014 பொருள்கள் ஒரு மாதிரியும் 2020 பொருள்கள் வேற மாதிரியும் ஒரே ரேபிளில கிடக்கிறதும் உண்டு.

பழைய மூண்டு பைற் யூரிஎஃப்8 ஆயிருந்தால் தமிழுக்கு ஒண்டும் நடக்காது. இமோஜிக்கு 4 பைற், அது உள்ள போகாது. பொருள் விளக்கம் ஏதும் இங்கிலீஷ் எழுத்துக் குழப்பமாத் தெரிஞ்சால் அது பாமினியில (பழைய தமிழ் எழுத்துரு) தட்டினதை அப்பிடியே ஒட்டினதாயும் இருக்கலாம். அது குறியாக்கப் பிழையில்லை, மாற்றியில போட்டு எடுக்க வேணும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு கிழமை போகும், கவனம்.

மிச்ச வேலை: மூண்டு நாளுக்கு முதல் டிஎன்எஸ் ரிரிஎல்லை (முகவரியை எத்தினை செக்கன்ட் நினைவில வைக்கலாமெண்ட அளவு) 86400 இலயிருந்து 300 ஆக்குங்கோ. புது சேர்வரில உபுன்ரு 24.04 எண்டால் பிஎச்பி 8.3, மரியாடிபி 10.11 வரும். 8.1 க்கு 2025 டிசம்பர் 31 ஓட பாதுகாப்புத் திருத்தம் முடிஞ்சுது, அதால எப்பிடியும் மாறத்தான் வேணும். பிளகின்களை பழைய சேர்வரில வைச்சே 8.3 க்கு ஏத்த மாதிரிப் புதுப்பிச்சுப் போட்டுத்தான் இடம் மாறுறது. இரண்டையும் ஒரே நாளில செய்தால் எது உடைஞ்சதெண்டு தெரியாது. படங்களை முதல்நாளே ஒருக்கால் ஆர்சிங், மாத்துற நேரம் இரண்டாம் தரம். உங்கட கணினியின்ர ஹோஸ்ற்ஸ் ஃபைலில புது ஐபியைப் போட்டு ஒரு ஓடர் கடைசி வரைக்கும், மெயில் வாற வரைக்கும் செய்து பாருங்கோ. மெயிலை சேர்வரிலயிருந்து நேர அனுப்பாதேங்கோ, புது ஐபியை ஜிமெயில் நம்பாது. வெளிச் சேவை ஒண்டைப் பாவிச்சு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (மெயில் உங்கடதுதான் எண்டு காட்டுற பதிவுகள்) மூண்டையும் போடுங்கோ. கார்ட் கொடுப்பனவுக்காரர் உங்கட ஐபியைப் பதிஞ்சு வைச்சிருந்தால் இரண்டு நாளுக்கு முதல் புதுசைக் குடுக்க வேணும். செக்கவுட் வேலை செய்து பணம் மட்டும் 'பென்டிங்'கில நிக்கிறதுக்குக் காரணம் அனேகமா இதுதான்.

நேரம் உங்களுக்கு வாய்ப்பு. எங்கட காலமை 10.30 இலயிருந்து 12 மணி வரைக்கும் கோடையில ரொரன்ரோவில இராவு 1 இலயிருந்து 2.30, லண்டனில விடிய 6 இலயிருந்து 7.30. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வெளிச்சத்தில இருந்து செய்யலாம். செவ்வாய் நல்லம், செவ்வாயில தொடங்கப்படாதெண்டு வீட்டில சொன்னால் புதன். வெள்ளி வேண்டாம், சனி ஞாயிறு சப்போர்ட்டில ஆள் குறைவு. நல்லூர்க் கொடியேற்றத்திலயிருந்து தீர்த்தம் வரைக்கும் 25 நாளும் தொடாதேங்கோ, ஒஃபிசில ஆள் நிக்காது.

பழைய சைற்றைப் பராமரிப்பு நிலையில போட்டு, அதின்ர குரோன் (நேரத்துக்குத் தானா ஓடுற வேலைகள்) எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. மறந்தால் இரண்டு சேர்வரும் ஒரே சனத்துக்கு இரண்டு மெயில் அனுப்பும். கடைசி டம்ப், ஏத்துறது, டிஎன்எஸ் மாத்துறது. அதோட பழைய என்ஜின்எக்ஸ்ஸை புது ஐபிக்குப் புரொக்சி பண்ண, அதாவது வாறதை அங்க கடத்த, விடுங்கோ. சில இன்ரநெற் கொம்பனியள் ரிரிஎல்லை மதிக்காது, பழைய முகவரிக்கு வாற சனமும் புதுக் கடைக்குத்தான் போகும், ஓடர் இரண்டு இடத்தில பிரியாது. பழைய விபிஎஸ்ஸுக்கு இன்னும் ஒரு மாதக் காசு கட்டி வையுங்கோ. அதின்ர லொக்கில இரண்டு கிழமை ஒருதரும் வரேல்லையெண்டு கண்டாப் பிறகு, முழு டிஸ்க்கையும் ஒரு பிரதி எடுத்திட்டு நிப்பாட்டலாம்.


பனையோலைக்கடை:

இப்பவே ஓட்டிப் பாத்தன். 'மிளகாய்த்தூள்' இல்லாமல் வெறும் 'மிளகாய்' எண்ட வகைப் பேருக்கு 21 உம் 21 உம் வருது.


நாற்சார்:

அப்ப கொலம் லற்றின்1. நல்லகாலம், திருத்தலாம். லைவ்வில செய்யாமல் ஒரு பிரதியை வேற டேற்றாபேசில ஏத்தி, வகைப் பேர் இருக்கிற ரேர்ம்ஸ் ரேபிளில பேர்க் கொலத்தை மட்டும் வார்பைனரி ஆக்கி, அடுத்ததா வார்கார் யூரிஎஃப்8எம்பி4 ஆக்கிப் பாருங்கோ. நீளத்தை முந்தி இருந்த 200 ஆகவே வையுங்கோ. மாத்தினாப் பிறகு 7 உம் 21 உம் வர வேணும். பேந்து போஸ்ற்ஸ் ரேபிளுக்குப் போகேக்க தலைப்பும் விளக்கமும் ரெக்ஸ்ற் வகை, அதுகளை வார்பைனரி ஆக்கப்படாது, புளொப் ஆக்கித்தான் திருப்ப வேணும், லோங்ரெக்ஸ்ற்றுக்கு லோங்புளொப். வார்பைனரி 255 எண்டு போட்டால் நீண்ட விளக்கமெல்லாம் நடுவில வெட்டுப்படும், ஸ்ரிக்ட் மோட் (பொருந்தாத டேற்றாவை மறுக்கிற நிலை) நிப்பாட்டிக் கிடந்தால் எரரும் வராது.